கல்லை இறுக்கினால் நைஸ்

அன்புள்ள மக்களே,

ஓடு மாற்ற ஆள் வருகிறது என்று அம்மா நேற்று பரணிலிருந்து உன் பெட்டியை இறக்கச் சொன்னாள். உள்ளே நீ வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்த நோட்டு. ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் ‘நைஸ்’ என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு இழுத்து, கீழே வரிசையாக ப்ளசண்ட், கைண்ட், லவ்லி, டிலைட்ஃபுல், கன்சிடரேட் என்று பதினோரு சொல் எழுதியிருக்கிறாய். ஓரத்தில் ‘இதை எழுதவே கூடாது, சார் சொன்னார்’ என்று குறிப்பு வேறு.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒரு மாதத்தில் வாட்ஸப்பில் நான் உனக்கு என்னென்ன அனுப்பினேன்? குலை தள்ளிய மட்டி வாழை, முற்றத்தில் விழுந்து பிளந்த வருக்கைச் சக்கை, புதுக் கல் போட்ட மில், புரை எடுத்த அம்மாவின் கண். நாலுக்கும் ‘நைஸ் பா’ என்றுதான் பதில் போட்டிருக்கிறாய். கட்டுப் போட்ட கண்ணுக்குமா நைஸ்?

குறையாக எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு ஒற்றை விரலால் தட்டுகிறாய், தெரியும். ஆனால் நைஸ் என் தொழில் சொல். முப்பத்திரண்டு வருடமாகத் திங்கள்சந்தையில் மாவு மில் நடத்துகிறவனுக்கு, அதைப் பற்றிப் பேச உன் கோச்சிங் சாரைவிடக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு.

மில்லில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு கல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் திருகி இறுக்கினால் மாவு நைஸ், தளர்த்தினால் கொரகொரப்பு. துணிக்குழாயிலிருந்து மாவு சுடச்சுட விழும்போதே ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலில் தேய்த்துப் பார்த்துவிட வேண்டும். பிறகு பார்த்துப் பிரயோசனம் இல்லை. இடியாப்பத்துக்கு நைஸ் வேண்டும், இல்லாவிட்டால் அச்சில் சிக்கும். புட்டுக்கு ஆகவே ஆகாது. மாவு நைஸாகிவிட்டால் குழாய்க்குள் அடைந்துகொள்ளும், ஆவி ஏறாது.

நீ பிறப்பதற்கு முந்தின வருடம், ஒரு சாயங்காலம். அரிசி கொண்டுவந்த ஒரு பெண்மணி ‘நைஸா வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார். மோட்டார் இரைச்சலில் ‘நைஸா’ மட்டும் என் காதில் விழுந்தது. மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், பலகாரம் புட்டும் பயறும். பத்து மணிக்கு அவர் தூக்குவாளியோடு வந்து, புட்டுக் குழலின் அச்சு மாறாமல் நின்ற ஒரு கட்டியை என் தராசில் வைத்தார். “அண்ணே, இதை வச்சுச் சுவரு கெட்டலாம்” என்றார். கல்யாணம் நடந்தது, பயப்படாதே. ஆனால் அன்றிலிருந்து யார் நைஸ் என்று சொன்னாலும் மோட்டாரை நிறுத்திவிட்டு, ‘எதுக்கு?’ என்று கேட்டபிறகுதான் அரைக்கிறேன்.

தமிழில் இந்தச் சொல் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது பார். ‘நைஸா நழுவிட்டான்’ என்றால் யார் கண்ணிலும் படாமல். ‘நைஸா கேட்டுப் பாரு’ என்றால் பக்குவமாக. ‘நைஸ் பண்ணாதே’ என்றால் ஐஸ் வைக்காதே. எல்லாவற்றிலும் ஒரு வழுவழுப்பு இருக்கிறது, உரசல் இல்லாத தன்மை. நமக்கு ஏற்கெனவே ‘நைய’ என்று ஒரு சொல் உண்டு. நைய இடித்தல், நையப் புடைத்தல், நைந்த துணி. அது இருந்ததால்தான் நைஸ் இவ்வளவு சுளுவாக உள்ளே வந்து ஒட்டிக்கொண்டதோ என்று எனக்கு ஒரு எண்ணம். மில்காரன் ஊகம்தான், சபையில் சொல்லிவிடாதே.

மில்லுக்கு வரும் ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியாரிடம் உன் நோட்டைக் காட்டினேன். அவர் சொன்னது எனக்கு ஆச்சரியம். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் தெரியாதவன். சயின்ஸ் என்ற சொல் பிறந்த அதே ‘அறிதல்’ வேரின் முன்னால் ஒரு ‘இல்லை’யைச் சேர்த்தது. அது பிரெஞ்சு வழியாக 700 வருடத்துக்கு முன் இங்கிலீஷுக்குள் வந்தபோது நைஸ் என்றால் முட்டாள். அப்புறம் எதிலும் நொட்டை சொல்கிறவன், அப்புறம் நுணுக்கமானது, துல்லியமானது. 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிமையானது’ என்ற இன்றைய பொருள் நிலைத்ததாம். நுணுக்கம் என்ற அந்த நடுப் பொருள் அங்கே தேய்ந்து, ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பதுபோல் ஒன்றிரண்டு பேச்சில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் மில்லில் தினமும் அது மூட்டை மூட்டையாக விழுகிறது!

உன் பட்டியலும் சரிதான். வானிலைக்கும் பிரயாணத்துக்கும் ப்ளசண்ட், உதவி செய்தவருக்குக் கைண்ட், சாப்பாட்டுக்கு டெலிஷியஸ். பரீட்சைத் தாளில் எழுது. ஆனால் ‘எ நைஸ் கப் ஆஃப் டீ’ கேட்கும் கிழவரிடம் போய் டிலைட்ஃபுல் என்றால் நாடகம்போல இருக்காதா? இடுப்பெலும்பு முறிந்து வந்த பாட்டி ‘இட்ஸ் நாட் வெரி நைஸ், டியர்’ என்றாளே, நீதானே சொன்னாய். அந்த இடத்தில் பதினொன்றில் எதை வைப்பாய்? ‘நைஸ் அண்ட் ஹாட்’ என்கிறார்களே, அது நாம் ‘நல்ல சூடு’ என்பது மாதிரி. நல்ல மழை, நல்ல அடி, அதுபோல.

நீ குடியிருக்கும் வீட்டு ஓனரம்மாவிடம் வீடியோவில் இரண்டாவது தடவையும் ‘நைஸ் டு மீட் யூ’ என்று சொன்னேன், நீ வாயைப் பொத்திக்கொண்டாய். மீட் முதல் தடவைக்கு மட்டும், பிறகு ‘சீ’ என்று இப்போது தெரியும்.

உன் நோட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது. கொள்ளாம். நம் குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு பக்கம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததாலோ என்னவோ, மலையாளத்துக்கும் நமக்கும் பொதுவான சொல். வெட்டிச் சொன்னால் பாராட்டு, இழுத்துச் சொன்னால் சுமார், ‘ம்’ கொட்டிவிட்டுச் சொன்னால் கிண்டல். அம்மா வைத்த உள்ளித் தீயலுக்கு உன் தாத்தா ‘கொள்ளாம்’ என்று மட்டும்தான் சொல்வார், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அது எந்தக் கொள்ளாம் என்று முகத்தில் தேடுவாள். உன் ‘நைஸ் பா’வில் முகம் தெரியவில்லை, மக்களே. அதுதான் கஷ்டம்.

அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நேற்று சாளை மீனில் செதில் ஒன்று விட்டுப்போனதை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

வறுத்த புட்டு மாவு 2 கிலோவும் ஏத்தங்காய் சிப்ஸும் பார்சல் போட்டிருக்கிறேன். மாவு கொரகொரப்புதான், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளி. பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். சிப்ஸில் உப்பு கூடிப்போனதாக எனக்குத் தோன்றுகிறது, அம்மா இல்லை என்கிறாள். தின்று பார்த்து, யார் சொல்வது சரி என்று போனில் சொல்.

அப்பா