காணொளிகளுக்கும் ஒரு மதிப்புரைப் பத்தி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை வெளியாகும் திரைப்படங்களுக்குத் தவறாமல் விமர்சனம் எழுதும் தங்கள் நாளிதழ், வாசகர்கள் அன்றாடம் கைபேசியில் பார்க்கும் இணையக் காணொளிகளுக்கும் வாரம் ஒருமுறை கால் பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யூடியூபைத் திறந்தவுடன் வரிசைகட்டி நிற்பவை, நாம் நேற்று எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதைக் கணக்கிட்டு ஒரு மென்பொருள் எடுத்து நீட்டுபவை. பார்க்கத் தகுந்தது எது என்று ஒரு மனிதர் யோசித்துச் சொல்லும் இடம் நமக்கு அரிதாகவே கிடைக்கிறது.

எடுத்துக்காட்டாக, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளராகப் புகழ்பெற்ற வி.எஸ்.ராமச்சந்திரன் பல துறையினர் சுருக்கமாக உரையாற்றும் டெட் (TED) மேடையில் 2007-இல் ஆற்றிய உரையைச் சொல்வேன். கை துண்டிக்கப்பட்ட பலருக்கு அந்தக் கை இன்னும் இருப்பதாகவே தோன்றும். சிலருக்கு அது அசைக்க முடியாதபடி இறுகி, தாங்க முடியாத வலியையும் கொடுக்கும். ராமச்சந்திரன் ஓர் அட்டைப்பெட்டியின் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி செய்தார். நல்ல கையை அசைத்தபோது, இல்லாத கையும் அசைவதாக நோயாளி உணர்ந்தார். பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்று பழகிய அவர் பின்னர் தொலைபேசியில் அழைத்து, கையே மறைந்துவிட்டது, முழங்கை வலியும் போய்விட்டது, ஆனால் விரல்கள் மட்டும் தோளிலிருந்து தொங்குகின்றன என்றாராம். அரங்கம் சிரிக்கிறது, நமக்கோ, உடம்பு என்று நாம் நம்புவதில் எவ்வளவு மூளையின் கற்பனை என்ற கேள்வி எழுகிறது.

ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்கின் 2006-ஆம் ஆண்டு உரையும் அத்தகையதே. நாடுகளை ஒரு வரைபடத்தில் நகரும் குமிழ்களாக்கி, குடும்ப அளவும் ஆயுளும் 1962 முதல் எப்படி மாறின என்பதை, கிரிக்கெட் வர்ணனையாளரின் வேகத்தோடு அவர் திரையில் ஓடவிடுகிறார். வளர்ந்த நாடுகள், வளரும் நாடுகள் என்று நாம் பள்ளியில் போட்ட கோடு கண்ணெதிரே அழிகிறது. அவருடைய புள்ளிவிவரங்கள் 2003-ஓடு நின்றுவிடுகின்றன என்பதையும் மதிப்புரை எழுதுபவர் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு அரவிந்த் குப்தாவின் காணொளிகளைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கான்பூர் ஐஐடியில் படித்த அவர், தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து முக்கோணமும் சதுரமும் செய்து காட்டுகிறார். சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் அசைவதில்லை. பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பது குழந்தைக்கு விரல் நுனியிலேயே விளங்கிவிடுகிறது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் நீதி குறித்த வகுப்புகள் இருக்கின்றன. ஐவரைக் காக்க ஒருவரைக் கொல்லலாமா என்று கேட்டு, மாணவர்களையே எழுந்து வாதாட வைக்கிறார்.

உற்சாகமூட்டும் பேச்சுகளுக்கு இப்பத்தியில் இடம் தர வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. அவை பரிந்துரை இல்லாமலே பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு காணொளிக்கும் அதன் மொழி, நீளம், எந்த வயதினருக்கு ஏற்றது, தமிழில் வசன வரிகள் உண்டா ஆகிய விவரங்களைச் சேர்த்தால், ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோரும் பயனடைவார்கள். எழுத ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. தங்கள் வாசகர்களிலேயே ஆசிரியர்களும் நூலகர்களும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் கோடை விடுமுறைக்கு முன்பாகவே இப்பத்தியைத் தொடங்கினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம்.