'மிக அருகில் சென்று எடுத்த' படம் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நடுப்பக்கத்தில் 'தாய்ப்பாசம்' என்ற தலைப்பில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். கீழே, 'கூட்டில் குஞ்சுக்கு இரையூட்டும் கழுகு. மிக அருகில் சென்று நம் வாசகர் எடுத்த அரிய படம்' என்று ஒரு வரி. அந்த 'மிக அருகில் சென்று' நான்கு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

படத்தைத் தாங்கள் பார்த்துத்தான் போட்டிருப்பீர்கள். தாய்ப்பறவையின் அலகிலோ காலிலோ இரை எதுவும் இல்லை. பிடரி இறகு சிலிர்த்து நிற்கிறது, வாய் பிளந்திருக்கிறது, கண் நேராக லென்ஸை முறைக்கிறது. வெள்ளைத் தூவிக் குஞ்சு பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கிறது. இது பாசம் என்றால், வீட்டுக்குள் திருடன் புகுந்த அன்று என் மனைவி போட்ட கூச்சலைத் தாலாட்டு என்று சொல்லலாம்.

போதாததற்கு எந்த ஊர், எந்த மலை, கண்மாய்க் கரையிலிருந்து எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று வழியும் சொல்லிவிட்டீர்கள். அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் ஆறு கார்கள் நின்றன. பதினொரு மணி வெயிலில் எங்கள் பக்கத்துப் பாறையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தெரியும். தாய் மறைத்து நின்று நிழல் கொடுத்தால்தான் அந்தக் குஞ்சு தாங்கும். ஆட்கள் நிற்கிறவரை அது கூட்டில் வந்து உட்காராது, மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பறவையின் முட்டையை, கூட்டைத் தொந்தரவு செய்வதும் 'வேட்டை' என்பதில்தான் சேர்கிறது. தங்களுக்குத் தெரியாததல்ல.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஓய்வுபெற்ற பணத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு 150-600 லென்ஸ் வாங்கிய புதிது. 2016இல் எங்கள் தெருக்கோடி வேப்பமரத்தில் வைரி என்ற சிறு வேட்டைப் பறவை கூடு கட்டியது. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஒரு கிளை மறைத்தது. பக்கத்து வீட்டில் ஏணி வாங்கி, அந்தக் கிளையை ஒடித்துவிட்டேன். படம் பிரமாதமாக வந்தது. மறைப்பு போன கூட்டைக் காக்கைகள் மறுநாளே கண்டுகொண்டன. இரண்டு குஞ்சுகள். அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை. தங்களுக்கு அனுப்பியிருந்தால் அதுவும் 'அரிய படம்' ஆகியிருக்கும்.

அப்புறம், அந்தப் பறவைக்கு ராசாளி என்று ஒரு பெயர் இருக்கிறது. தங்கள் இதழில் செம்பருந்தும் கழுகு, வால் பிளந்த கரும்பருந்தும் கழுகு, மாயாற்றுப் பக்கம் செத்த விலங்கைத் தின்னும் பாறும் கழுகு. பாறு, எருவை, பருந்து என்று சங்கப் பாட்டுக்காரர்கள் தனித்தனியாகச் சொன்னதை நாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியாயிற்று. 2022 நவம்பரில் எங்கள் வட்டத்து அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோதும், ஊர் ஊராகத் திரண்டு டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தபோதும், அங்குள்ள ராசாளி, லகுடு வல்லூறு, ஷாகீன் வல்லூறு மூன்றும் தங்கள் நிருபருக்கு 'அரிய வகைக் கழுகுகள்'தான். அரிய வகை என்றால் எந்த வகை என்று கேட்டு அப்போதே ஒரு கடிதம் போட்டேன். இடமில்லை போலும்.

ஆனால் தன்னம்பிக்கைப் பக்கத்தில் இடம் இருந்தது. நாற்பது வயதில் கழுகு தன் அலகைப் பாறையில் உடைத்துக்கொண்டு, 150 நாள் காத்திருந்து, புது அலகோடு இன்னும் முப்பது வருடம் வாழும் கதையை இரண்டு தடவை வெளியிட்டீர்கள். அலகில்லாமல் அந்த 150 நாளும் அது எதைத் தின்னும் சார்? கஞ்சியா?

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நெல் வயல் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்ற கருந்தோள் பருந்தை எடுக்க, மார்கழிப் பனியில் ஒன்பது நாள் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படம் தங்கள் இதழில், மூலையில் இருந்த என் பெயர் மட்டும் வெட்டப்பட்டு, 'நன்றி: இணையம்' என்று வந்தது. இணையம் அவர்களுக்கு முதுகுவலி வந்ததா என்று விசாரிக்கவும்.

சரி, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தங்கள் இணையப் பதிப்பில் அந்த மலையின் பெயரையும் வழியையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுத்த இதழில் 'படத்தில் இருப்பது ராசாளி' என்று இரண்டு வரி திருத்தம் போதும், ராசிபலனுக்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பி.கு.: இத்துடன் படம் எதுவும் இணைக்கவில்லை.