பத்து மணிக்கு மைக்கை நிறுத்தினால் சம்பளத்தையும் பிடிப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இருபது வருடமாக மெல்லிசைக் குழுக்களில் தோலக் வாசிக்கிறேன். கடலூரிலிருந்து வேன் பிடித்து பாகூர், வில்லியனூர், பண்ருட்டிப் பக்கம் அம்மன் கோயில் திருவிழாக்களுக்குப் போவதுதான் எங்கள் பிழைப்பு.

போன ஆடியில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். 7 மணிக்குக் கச்சேரி, மூன்று மணி நேரம் என்று பேச்சு. ஐந்தரைக்கே போய் இறங்கி, மைக்கெல்லாம் சரிபார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். 7 மணிக்கு மேடை ஏறியவர்கள் நன்கொடை கொடுத்தவர்கள். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு பேச்சு. எங்கள் கைக்கு மேடை வந்தபோது எட்டே முக்கால்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழா என்றால் 12 மணி வரை அரசு விலக்கு தரலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. அன்று அந்த ஊருக்கு விலக்கு இல்லை. போலீஸ் வந்து சொன்னதும் பாதிப் பாட்டில் நிறுத்தினோம். மீதிப் பணம் கேட்டால், "ஒண்ணேகால் மணி நேரம்தானே வாசிச்சீங்க" என்று பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். வேன் வாடகையும் பாடகியின் சம்பளமும் போக, கீபோர்டு வாசிக்கும் தம்பிக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. சாப்பாடும் தீர்ந்துவிட்டிருந்தது. கடலூர் வந்துதான் டீ குடித்தோம்.

ஊர்வரி வசூலித்து விழா நடத்துவதன் கஷ்டம் எனக்குத் தெரியும். கணக்குக் கேட்க ஊரே நிற்கும். ஆனால் காத்திருந்த நேரமும் எங்கள் வேலை நேரம்தான். அதேபோல, முதல் நாள் மாலை போன் போட்டு "கச்சேரி வேண்டாம்" என்கிறார்கள். ஆடி வெள்ளி நான்கோ ஐந்தோதான் வரும். அந்தத் தேதிக்கு வந்த மற்ற ஊர்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருப்போம். அட்வான்ஸை வைத்துக்கொள்ளுங்கள் என்றால் போதுமா?

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கூடுதல் பணம் வந்ததும் பேசிய ஊரைக் கைவிடும் குழுக்கள் இருக்கின்றன. நோட்டீஸில் ஒரு பாடகரின் படத்தைப் போட்டுவிட்டு வேறொருவரை மேடையேற்றுகிறார்கள். என் அப்பா தவில்காரர். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாங்கிவிட்டால் காய்ச்சலோடும் போய் வாசிப்பார். ஊர்க்காரர்கள் கோபப்படுவது சரிதான்.

அதனால் வருகிற ஆடிக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறோம். பேச்சாளர்களால் நேரம் போனால் பணம் குறையாது. கச்சேரிக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் ரத்து செய்தால் பாதிச் சம்பளம். நாங்கள் வராவிட்டால் அட்வான்ஸைப் போல இரண்டு மடங்கு திருப்பித் தருவோம். மீதிப் பணம் மேடை ஏறும் முன்பே. விழாக் குழுவினர் இதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோலக் கலைஞர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.