பொய் அலாரம்: பில் யாருக்குப் போக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருட்டு அலாரம் காரணமில்லாமல் அடித்துப் போலீஸ் வந்து திரும்பினால் கட்டணம் வசூலிக்கும் அமெரிக்க நகரங்களைப் பற்றி உங்கள் இதழில் படித்தேன். கட்டணம் தேவைதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பில்லை வீட்டுக்காரர் பெயரில் மட்டும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அலாரம் பொருத்தும் வேலையில் சில காலம் இருந்தவன் நான்.

கட்டணம் ஏன் தேவை என்பதற்கு அதிகம் வாதாட வேண்டியதில்லை. அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட காவல்துறைக் கையேடு ஒன்று, போலீஸ் போய்ப் பார்க்கும் திருட்டு அலாரங்களில் 94 முதல் 98 சதவீதம் பொய்யானவை என்கிறது. 2002-இல் மட்டும் சுமார் 3.6 கோடி முறை ஓடியிருக்கிறார்கள். செலவு ஏறக்குறைய 180 கோடி டாலர். அலாரமே வைக்காதவரின் வரிப்பணமும் இதில்தான் கரைகிறது.

அந்தப் பொய் அலாரம் எப்படி அடிக்கிறது என்று பாருங்கள். அறைக்குள் யாராவது நடமாடுகிறார்களா என்று பார்க்கும் சென்சார், ஆளை அடையாளம் காண்பதில்லை. வெப்பம் இடம் மாறுவதைத்தான் கவனிக்கிறது. ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்கு எதிரே அதை மாட்டினால், ஆளில்லாத வீட்டிலும் ஆள் நடப்பதாக அதற்குத் தோன்றும். சோபா மேல் ஏறும் பூனை போதும். பலூன் போதும். சென்சாரின் முகப்பில் ஊரும் சிலந்திகூடப் போலீஸைக் கூப்பிட்டுவிடும். சரியாக மூடாத கதவு, தீர்ந்துபோகும் பேட்டரி எல்லாம் தனிக் கதை. இவற்றில் பலவற்றை, பொருத்த வந்தவர் இன்னும் அரை மணி நேரம் நின்று பார்த்திருந்தால் அன்றைக்கே தடுத்திருக்கலாம். ஒரு நாளில் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று விரட்டப்படுபவருக்கு அந்த அரை மணி கிடைப்பதில்லை.

வீட்டுக்காரர் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. அலாரத்தை நிறுத்தும் ரகசிய எண்ணைத் தப்பாக அழுத்துவதும், வீட்டு வேலைக்கு வருபவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எண்ணைச் சொல்லாமல் விடுவதும் தினமும் நடப்பவை. அதற்குத்தான் பல நகரங்கள் முதல் தடவை எச்சரித்து விட்டுவிடுகின்றன. சில நகரங்களில் ஒரு சிறு வகுப்பை முடித்தால் கட்டணத்தையே தள்ளுபடி செய்கிறார்கள். அப்புறமும் திரும்பத் திரும்ப அடித்தால் தொகை ஏறட்டும்.

ஆனால் அலாரத்தைக் கண்காணித்து, அது அடித்ததும் போலீஸைக் கூப்பிடும் நிறுவனம்? மாதச் சந்தா வாங்குவது அது; ஓடுவது போலீஸ்; அபராதம் கட்டுவது வாடிக்கையாளர். பொய் அலாரம் குறைந்தால் நிறுவனத்துக்குப் பைசா லாபமில்லை, கூடினால் நஷ்டமுமில்லை. போலீஸைக் கூப்பிடுவதற்கு முன் வாடிக்கையாளரின் இரண்டாவது எண்ணுக்கும் போன் செய்து பார்க்க அது ஏன் மெனக்கெட வேண்டும்?

ஜார்ஜியா மாநிலத்தின் சாண்டி ஸ்பிரிங்ஸ் நகரம் இந்த முடிச்சைத்தான் பிடித்தது. அபராதத்தை நேரே நிறுவனங்களுக்கு அனுப்பியது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020-இல் மேல்முறையீட்டிலும் நகரமே ஜெயித்தது. சால்ட் லேக் சிட்டி 2000-ஆம் ஆண்டு இறுதியிலேயே வேறு வழியில் போனது: யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் போலீஸ் வரும். அலாரத்துக்காகப் போலீஸ் போவது அங்கே சுமார் 90 சதவீதம் குறைந்தது. சியாட்டிலும் 2024 அக்டோபர் முதல் கேமரா, ஒலிப்பதிவு, நேரில் பார்த்தவர், ஆபத்துப் பொத்தான் என ஏதாவது ஓர் ஆதாரம் கேட்கிறது. கேமராவுக்குச் செலவழிக்க முடியாத வீடுகளை நினைத்தால் இந்த வழியில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. சாண்டி ஸ்பிரிங்ஸ் தொடங்கிய இடமே எனக்கு நியாயமாகப் படுகிறது.

பில் ஏற்கெனவே கையில் வந்துவிட்டவர்களுக்கு ஒரு விஷயம். எந்த சென்சார், எத்தனை மணிக்கு அடித்தது என்பது அலாரப் பெட்டியிலேயே பதிவாகியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பதிவை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். ஒரே சென்சார் திரும்பத் திரும்ப வந்தால், அதை இலவசமாக மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நகர நிர்வாகத்திடம் மேல்முறையீடு செய்யும்போது அந்தக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்