அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

சென்னையில் மாதந்தோறும் தனியிசை மாலை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

சொந்தப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஊரில் மேடை கிடைப்பது எவ்வளவு அரிது என்பது எங்களுக்குத் தெரியும். நீங்கள் அதை விடாமல் நடத்திவருகிறீர்கள். அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் கலைஞர்களுக்கு அனுப்பும் விதிமுறைத் தாளில் புதிதாக முளைத்திருக்கும் வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை: “திரைப்பாடலோ அதன் எந்தப் பகுதியோ மேடையில் கூடாது, இடைவேளையிலும் ஒலிக்கக்கூடாது.”

அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல்.

போன மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 40 நிமிட செட். குரல், கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று நான்கு பேர். மூன்றாவது பாட்டு அந்தப் பாடகியே எழுதி மெட்டமைத்தது. சரணம் முடிந்த இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு குத்துப் பாட்டின் பல்லவியிலிருந்து நான்கு வரிகளைக் கோத்துப் பாடினார். கூட்டமும் சேர்ந்து பாடியது. இரண்டாவது வரி முடியுமுன் உங்களில் ஒருவர் மேடை ஒலிகளையெல்லாம் கட்டுப்படுத்தும் மிக்ஸர் பக்கம் போய், குரல் சேனலை மியூட் செய்யச் சொன்னார்.

மியூட் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றே நம்புகிறோம். பெரும்பாலான டிஜிட்டல் மிக்ஸர்களில் குரல் நிற்பது கூட்டத்தைப் பார்த்திருக்கும் ஸ்பீக்கரில் மட்டுமல்ல. மேடையில் இருப்பவர்கள் தங்கள் இசையைக் கேட்க வைத்திருக்கும் ஸ்பீக்கர்களான மானிட்டர்களுக்குப் போகும் குரலும் சேர்ந்தே நின்றுவிடும். பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்காது. மைக்தான் போய்விட்டது என்று எந்தப் பாடகரும் முதலில் நினைப்பார். அவரும் கேபிளை அசைத்துப் பார்த்தார், சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். டிரம்ஸ்காரர் மானிட்டரில் வந்த குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு எண்ணிக்கையில் சுழலும் 6/8 தாளத்தில் இடம் கண்டுகொண்டிருந்தார். குரல் போனதும் அவருக்கு எடுப்பு தவறியது. பேஸ் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம். இருபது விநாடிக்குள் பாட்டு கலைந்துவிட்டது. மீதி 22 நிமிடத்தை வாசிக்காமலே நான்கு பேரும் இறங்கிப் போனார்கள்.

விதியை மீறினார் என்றால் செட் முடிந்தபின் சொல்லியிருக்கலாம். பாடிக்கொண்டிருப்பவரின் குரலை அறுப்பது எந்த மேடையிலும் செய்யக்கூடாத காரியம்.

அடுத்து வந்த குழு இரண்டு ஆங்கிலப் பாப் பாட்டுகளை வாசித்தது. அவையும் கோடிக்கணக்கானோர் கேட்டவைதான், பெரிய கம்பெனிகள் வெளியிட்டவைதான். நன்றாகவே வாசித்தார்கள், அவர்களை நிறுத்தியிருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வெகுஜனப் பாட்டாக இருப்பது குற்றம் என்றால், அது தமிழில் இருக்கும்போது மட்டும் ஏன் குற்றமாகிறது? இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும்.

உரிமம்தான் சிக்கல் என்றும் சொல்ல முடியாது. மேடையில் நேரடியாகப் பாடுவதற்கு, பாட்டெழுதியவர்கள், மெட்டமைத்தவர்கள் சார்பில் கட்டணம் வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் உரிமம் வேண்டும். இடைவேளையில் பதிவை ஒலிக்கவிட அந்தப் பதிவின் உரிமையாளரிடமோ, அவர் சார்பில் வசூலிக்கும் பி.பி.எல். போன்ற அமைப்பிடமோ தனியாக உரிமம் வாங்க வேண்டும். ஆங்கிலப் பாட்டைக் கவர் செய்வதற்கும், அதாவது அடுத்தவர் பாட்டை எடுத்து வாசிப்பதற்கும், முதல் உரிமம் தேவை. அதை வாங்கியிருந்தால் தமிழ்த் திரைப்பாட்டைப் பாடவும் வழி உண்டு. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, இப்படி வரும் பணத்தில் பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பங்கு உண்டு.

திரைப்பாட்டை ஒலிக்கவிட்டால் அடுத்து ஏறும் குழு மெலிந்து கேட்கிறது என்று உங்கள் தரப்பில் ஒரு காரணம் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். கேட்பது உண்மை. பழி பாட்டின்மேல் இல்லை, ஒலி அளவின்மேல். பதிவின் சராசரி சத்தத்தை லஃப்ஸ் (LUFS) என்ற அலகில் அளப்பார்கள். இன்றைய வெகுஜனப் பாட்டுகள் பலவும் வெளியீட்டுக்கு முன் மைனஸ் 8 லஃப்ஸ் பக்கத்தில் மாஸ்டர் ஆகின்றன. வீட்டு அறையில் பதிவாகி மைனஸ் 14-இல் நிற்கும் தனியிசைப் பாட்டோடு அதை ஒரே வால்யூமில் அடுத்தடுத்து விட்டால் 6 டெசிபல் வித்தியாசம் வரும். அளவு குறைந்தால் நம் காதில் முதலில் மங்குவது அடிநாதமும் உச்ச ஒலிகளும்தான். உடனே ‘இந்தப் பாட்டில் உயிரில்லை’ என்று தோன்றிவிடும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நேரடி வாசிப்பில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். அதில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி அதிகம். பதிவில் அந்த இடைவெளியை நசுக்கிக் குறைத்திருப்பார்கள். வழி சுலபம். சவுண்ட் செக்கில் குழுவின் மிகச் சத்தமான பாட்டை வாசிக்கச் சொல்லி, மிக்ஸர் இருக்கும் இடத்தில் மீட்டர் பாருங்கள். 95 டெசிபல் காட்டினால் இடைவேளைப் பாட்டை 85-க்கு மேல் விடாதீர்கள். குழு தொடங்குவதற்கு அரை நிமிடம் முன்பே அதை மெல்ல இறக்கி மௌனம் விடுங்கள். காது தன்னைத் திருத்திக்கொள்ளும். இதைச் செய்யப் பணமும் வேண்டாம், தடையும் வேண்டாம். உங்கள் சவுண்ட் எஞ்சினியரையே கேளுங்கள். மாலை நான்கு மணிக்கு ஸ்பீக்கரைச் சரிபார்க்க அவர் போடுவது நன்றாக மாஸ்டர் ஆன திரைப்பாட்டைத்தான். அடி ஒலி எங்கே வீங்குகிறது, குரல் எங்கே கூசுகிறது என்று அதில்தான் சீக்கிரம் பிடிபடும்.

குத்துப் பாட்டு எளிது, யாரும் வாசித்துவிடலாம் என்ற நினைப்பும் அந்த வரிக்குப் பின்னால் இருக்கிறது. வாசித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நான்கு எண்ணிக்கையில் நடக்கும் 4/4 ராக்கில் பழகிய கை 6/8-க்கு வந்ததும் ஓடத் தொடங்கும். எட்டு சுற்றுக்குள் வேகம் ஏறிவிடும். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகல் டிரம் செட்டில் வராது. அதை டிரம் செட்டின் பெரிய தாழ்ஒலி டிரம்மான ஃப்ளோர் டாமில் அடிக்கப் போனால் சேறாகிவிடும். பேஸில் சறுக்கு வைத்து வாசித்தால் ஓரளவு கிட்டே வரலாம். வயலின் கூட்டம் வாசித்த இடையிசையை நான்கு பேர் எடுத்து வாசிக்கும்போது மேல்வரியையும் பேஸையும் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் கீபோர்டில் அடைக்கப் பார்த்தால் குரலுக்கு இடமிருக்காது. எதை விட்டால் பாட்டு நிற்கும், எதை விட்டால் விழும் என்று இப்படிப் பழகியவர்கள் தங்கள் சொந்தப் பாட்டையும் நன்றாகக் கட்டுகிறார்கள்.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் சுவர் எப்போது இருந்தது? இலங்கைப் பாப் மேடையில் பரவிய ‘சுராங்கனி’ தமிழ்ப் படத்துக்குள் வந்தது. இளையராஜா 1986-இலேயே படத்துக்கு வெளியே ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். ஹிப்ஹாப் தமிழா 2012-இல் தனித்தொகுப்பு போட்டுவிட்டுப் பிறகு படங்களுக்கு இசையமைக்கப் போனார்கள். கேரளத்தின் தைக்குடம் பிரிட்ஜ் இசைக்குழுவிலிருந்து வந்த கோவிந்த் வசந்தாதான் 2018-இல் ‘96’ படத்துக்கு இசை. உங்கள் மேடையில் ஏறும் பேஸ் வாசிப்பவர்களிலும் தாளக் கலைஞர்களிலும் எத்தனை பேர் பகலில் திரைப்பாட்டுப் பதிவுக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கும் போய்தான் வாடகை கட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கானாவும் பறையும் சபாக்களின் வாசலுக்கு வெளியே நின்ற ஊர் இது. 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற இசை விழாவைத் தொடங்கவேண்டி வந்ததே அதனால்தான். அந்தக் கதை தெரிந்த நீங்களே ஒரு வாசலைச் சாத்துவதுதான் எங்களுக்கு ஆறவில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்பதில் எங்களுக்கும் உடன்பாடுதான். அதற்கு அளவு வையுங்கள்: 40 நிமிடத்தில் 30 நிமிடம் சொந்தப் பாட்டு, மீதி 10 நிமிடம் அவரவர் விருப்பம், அது சினிமாவோ கானாவோ ஆங்கிலமோ. கலைஞர்கள் பாட்டுப் பட்டியலை ஒரு வாரம் முன்பே தரட்டும். உரிமத்துக்கும் அது உதவும். எந்தக் காரணத்துக்காகவும் செட் நடக்கும்போது மிக்ஸரில் எஞ்சினியரைத் தவிர யாரும் கை வைக்கக்கூடாது என்று வேண்டுமானால் ஒரு விதி சேருங்கள். தடை போடும் அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த மாத அறிவிப்பு வெளிவருவதற்குள் இதைச் செய்யும்படி மரியாதையோடு கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பாடகியையும் அவர் குழுவையும் திரும்ப அழையுங்கள். மூன்றாவது பாட்டின் தொடக்கத்திலிருந்து, மிச்சமிருக்கும் 22 நிமிடத்தையும் அவர்களுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
மேடை ஒலியிலும் இசையிலும் வேலை செய்யும் சிலர்
சென்னை