மே மாதம் மலையேற வரும் நண்பனுக்கு

குன்னூர்,
பிப்ரவரி 24

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டு வலி தேவலை என்றும் பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்றும் எழுதியிருந்தாய். வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே உறைபனி முடிந்துவிட்டது. கருகிய தேயிலை மறுபடி துளிர்விட ஒரு மழை வேண்டும், அதற்காகத்தான் காத்திருக்கிறோம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. விளக்கு வைத்ததும் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கிறது.

மே 11ஆம் தேதி எட்டுப் பேராக வருகிறோம், நாலு ராத்திரியும் ஊட்டியில்தான், ஏரி தெரிகிற மாதிரி ஒரு ஓட்டல் சொல், சொந்த வண்டியிலேயே வந்துவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். தேதியைத் தவிர மற்றதையெல்லாம் மாற்றச் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ பார்க்க வேண்டும் என்று குறித்திருக்கும் இடங்களில் பாதி ஊட்டியிலேயே இல்லை. டால்பின் நோஸ் குன்னூரைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கோடநாடு காட்சிமுனை கோத்தகிரிக்கு அப்பால் சுமார் 18. பைக்காரா கூடலூர் சாலையில் 20. அவலாஞ்சி வேறொரு பக்கம், எமரால்டு வழியாகப் போக வேண்டும். நீலகிரி மாவட்டத்தின் பரப்பு 2,500 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஊட்டி உள்ளங்கை என்றால் இந்தச் சாலைகளெல்லாம் விரல்கள்: ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மறுபடி ஊட்டிக்கே திரும்ப வேண்டும். குறுக்குவழியாக உதவுவது குன்னூர்–கோத்தகிரி சாலை ஒன்றுதான். தஞ்சாவூரில் 20 கிலோமீட்டர் என்றால் அரைமணி நேரம். இங்கே குன்னூரிலிருந்து ஊட்டி 18 கிலோமீட்டர். சாதாரண நாளில் முக்கால் மணி நேரத்துக்கு மேல், மே மாத ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரமானாலும் ஆச்சரியமில்லை. குன்னூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ரயில்வே கேட், ஊட்டி சேரிங் கிராஸ், தாவரவியல் பூங்கா சாலை, தொட்டபெட்டா பிரிவு, இந்த நாலு இடத்தில்தான் மாட்டிக்கொள்வாய். இதனால்தான் சொல்கிறேன், எந்த நாள் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய், அப்புறம் அறையைத் தேடு.

என் கணக்கு இப்படி. இரண்டு ராத்திரி குன்னூர், இரண்டு ராத்திரி ஊட்டி. குன்னூர்க்காரன் குன்னூரைத்தானே சொல்வான் என்று நீ சிரிப்பது தெரிகிறது. காரணத்தையும் கேள். திங்கள் காலை மேட்டுப்பாளையத்தில் 7.10 மலை ரயிலைப் பிடித்தால் பத்தரை வாக்கில் குன்னூர். கல்லாரிலிருந்து குன்னூர் வரைக்கும்தான் பல்சக்கரப் பாதை, 12 அடிக்கு ஒரு அடி ஏறுகிறது. குகைகளும் பாலங்களும் பள்ளத்தாக்குமாக வருவது அந்தப் பகுதிதான். அதற்குமேல் டீசல் இன்ஜின், அழகான பாதை, ஆனால் விட்டாலும் பெரிய நஷ்டமில்லை. குன்னூரில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டு மாலை சிம்ஸ் பார்க். செவ்வாய் காலை ஏழரைக்கே கிளம்பி முதலில் டால்பின் நோஸ், திரும்பும்போது லேம்ஸ் ராக்; இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன. பதினொரு மணிக்கு மேல் மிஸ்ட் ஏறிவிட்டால் எதிரே இருக்கும் கேத்தரின் அருவி தெரியாது. அந்த எஸ்டேட் சாலையில் இரண்டு வேன் எதிரும் புதிருமாக வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும், அதற்காகவும் சீக்கிரம் போ. புதன்கிழமை பெட்டி படுக்கையோடு வேனில் ஏறிக் கோத்தகிரி, கோடநாடு பார்த்துவிட்டு, அப்படியே கோத்தகிரி சாலையில் மாலை ஊட்டிக்குள் நுழை. மறுபடி குன்னூருக்குத் திரும்புகிற வேலை இல்லை. வியாழன் ஊட்டிக்குள். வெள்ளி காலை பைக்காரா, மதியத்துக்குமேல் கீழே இறங்கிவிடு. ஊரே மேலே ஏறும் நேரத்தில் நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். மலர்க் கண்காட்சித் தேதி இந்த நாட்களில் விழுந்தால் மட்டும் எழுது, வியாழனைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.

பயணம் ஜூலைக்குத் தள்ளிப்போனால் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம்தான் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்போது குன்னூர், கோத்தகிரி பக்கம் அவ்வளவு இராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது தலைகீழ்: மழை எங்கள் பக்கம், மண்சரிவு வந்தால் மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

இனி அறை. ஏரி தெரியும் அறைக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். கோடப்பமந்து கால்வாய் ஊர்க் கழிவையும் சேர்த்துக்கொண்டுதான் அந்த ஏரியில் கலக்கிறது. படகு இல்லத்துக் கூட்டமும் ஹாரன் சத்தமும் காட்சியோடு சேர்ந்து வரும். ஃபெர்ன்ஹில், எல்க் ஹில் பக்கம் காட்சி உண்டு, அமைதி உண்டு, ஆனால் ஒரு காப்பிக்குக்கூட ஆட்டோ வேண்டும். அம்மா வருவதால் சேரிங் கிராஸை ஒட்டிப் பார். தமிழ்நாடு ஓட்டலும் அங்கேதான் இருக்கிறது. சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, பூங்கா எல்லாம் பக்கம். குன்னூரில் பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் கீழே பள்ளத்தில், பெட்ஃபோர்டும் சிம்ஸ் பார்க்கும் மேலே. நீ மேலே தங்கு.

ஓட்டலுக்குப் போன் செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல. வண்டி நிற்கிற இடத்திலிருந்து அறை வாசல் வரைக்கும் எத்தனை படி என்று கேள். மலைச் சரிவில் கட்டிய கட்டடத்தில் தரைத்தளம் என்பதற்கு அர்த்தமே கிடையாது. சாலையிலிருந்து நாற்பது படி கீழே இறங்கினால்தான் சில இடத்தில் தரைத்தளம். "லிஃப்ட் இருக்கு" என்பார்கள், லிஃப்டுக்குப் போகவே பத்துப் படி இருக்கும். அடுத்து வெந்நீர். அறைக்குள்ளேயே கீசரா, மொத்தமாகக் கொதிக்கவைத்துக் குழாயில் விடுகிறார்களா? பின்னதென்றால் காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் வரும், எட்டுப் பேரும் அதற்குள் குளித்தாக வேண்டும். பிறகு ஜன்னல். கிழக்கு பார்த்த அறையாகக் கேள். பின்சுவர் மண்மேட்டை ஒட்டியிருக்கும் அறைக்கு வெயிலே வராது, மெத்தையும் கம்பளியும் ஈரவாடை அடிக்கும். பேரனுக்கு அது ஆகாது. போனதும் அலமாரியைத் திறந்து முகர்ந்து பார்; பூஞ்சை வாடை வந்தால் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே வேறு அறை கேட்டுவிடு.

வாடகை சொல்லும்போது வரியோடு எவ்வளவு என்று கேட்டுக்கொள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல். அதற்குமேல் போனால் 18. கூடுதல் மெத்தை, ஹீட்டர், கேம்ப் ஃபயர், டிரைவர் படுக்க இடம், இதெல்லாம் தனித்தனியாக பில்லில் ஏறும். குளிருகிறது என்று கரி அடுப்பை யாராவது அறைக்குள் வைக்க வந்தால் விடாதே. கதவையும் ஜன்னலையும் சாத்திய அறையில் கரிப்புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். மே மாதக் குளிருக்கு இரண்டு கம்பளி தாராளம்.

மலிவாக இருக்கிறது, எஸ்டேட் நடுவில் காட்டேஜ், "ஊட்டியிலிருந்து அஞ்சே கிலோமீட்டர்" என்று வந்தால் மேப்பில் இடத்தை அனுப்பச் சொல். அந்த ஐந்தில் இரண்டு கிலோமீட்டர் கல் ரோடாக இருக்கும், ராத்திரி ஆட்டோ வராது. இருட்டினால் காட்டுமாடு நிற்கும், கரடி வரும். நடந்து போகிற பேச்சே கிடையாது. உரிமம் உள்ள இடமா, பில் தருவார்களா என்பதையும் கேள்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறை. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. பாஸ் இலவசம்தான், வண்டி எண், ஆள் எண்ணிக்கை, வருகிற தேதி, தங்கும் இடம் இவற்றைப் பதிந்தால் வந்துவிடும், வரம்பு நிரம்பிவிட்டால் வராது. அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பாஸ் தேவையில்லை. நீலகிரியில் பதிவான எங்கள் டிஎன் 43 வண்டிகளுக்கும் தேவையில்லை. அதனால் காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு ரயிலில் ஏறி, மேலே வந்து உள்ளூர் வண்டி பிடிப்பதே மேல். எட்டுப் பேருக்கு ஒரு டெம்போ டிராவலர் சரியாக இருக்கும். பேசும்போதே எந்தெந்த இடம், எத்தனை மணி நேரம், டிரைவர் பேட்டா, பார்க்கிங் கட்டணம் யார் கையில் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள். டீத்தூள், சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் விற்கும் கடையில் அவரே கொண்டுபோய் நிறுத்துவார். அங்கே அவருக்குக் கமிஷன் உண்டு. வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடு, தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆப்பில் டாக்சி வந்துவிடும் என்று நம்பி நடுவழியில் இறங்காதே.

ஊட்டிக்குள் சுற்றும் வியாழக்கிழமை வேனே வேண்டாம். நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். சீசனில் அரசுப் போக்குவரத்துக் கழகம் சுற்றுப்பேருந்து விடும், ஒரு டிக்கெட்டில் நாள் முழுக்க ஏறி இறங்கலாம். தாவரவியல் பூங்காவில் வாசலை ஒட்டிய கீழ்ப்பகுதி சமமான புல்வெளி, அம்மா அங்கே உட்காரலாம். ரோஜாப் பூங்கா அடுக்கடுக்காக இறங்கும், அவருக்கு வேண்டாம். சிம்ஸ் பார்க்கும் அப்படித்தான். மேல் வாசல் பக்கத்து பெஞ்சோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இத்தனை சொல்லியும் உன் மாப்பிள்ளை காரில்தான் வருவேன் என்றால், அவரிடம் இதை மட்டும் காட்டு. சீசனில் ஒருவழி: ஏறுவது பர்லியார், குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. இறங்கும்போது இரண்டாவது கியர், கொண்டை ஊசியில் முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவலில் போட்டுக்கொள்ளட்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் வண்டியின் எடை முழுவதும் பிரேக்கில் விழும். பேட் சூடேறி, பிரேக் ஆயிலும் கொதித்துவிட்டால் பெடல் தரை வரைக்கும் போகும், பிடிக்காது. இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். தீய்ந்த வாடை வந்தால் உடனே அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி, கல் வைத்து, அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும். ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் வழி. மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக, 36 வளைவில் இறங்கிவிடலாம் என்று மேப் காட்டும்; வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடமாட்டார்கள், கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். முதுமலை, பந்திப்பூர் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும்.

குடிக்கத் தண்ணீர் ஸ்டீல் பாட்டிலில் கொண்டு வா. பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு மேட்டுப்பாளையத்தில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதே, வயிறு நிறைய இருந்தால் ரயிலோ பஸ்ஸோ, இரண்டிலும் வாந்திதான்.

மலை ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். மே 11க்கு மார்ச் 12ஆம் தேதி காலை 8 மணி. எட்டு டிக்கெட்டும் ஒரே பெயர்ப்பட்டியலில் அடங்காது, ஆறுதான் போடலாம். இரண்டு போனில் உட்காருங்கள். குன்னூர் வரைக்கும் போடு. கிடைக்காவிட்டால் அன்றைக்கே எனக்குச் சொல், மேட்டுப்பாளையத்துக்கு இங்கிருந்து வேன் அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். பெட்ஃபோர்டு பக்கம் படி குறைவான இரண்டு இடம் எனக்குத் தெரியும், எத்தனை அறை வேண்டும் என்று எழுதினால் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
ராஜு