பதினாலாவது கவுண்டி

அன்புள்ள அக்காவுக்கு,

எசெக்ஸ் கவுண்டி முடிந்துவிட்டது, நாம் சேர்ந்து டப்பா தேடி அலைந்த வெர்மாண்ட் மாநிலத்தில் மிச்சமிருந்த கடைசி கவுண்டி. போன சனிக்கிழமை, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நான் தனியாகப் போய் முடித்துவிட்டு வந்தேன். வாட்ஸப்பில் அனுப்பினால் நீல டிக் வரும், அதோடு சரி. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் எழுதுவதை நீ ஒன்று விடாமல் படிக்கிறாய் என்று சித்தி சொன்னாள். சித்தியும் படிக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆகவே சில இடங்களில் பூசி மெழுகித்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள்.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். சேர்ந்து ஆரம்பித்ததைச் சேர்ந்துதான் முடிக்க வேண்டும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. ஆனால் ‘இந்த வாரம் முடியாது’ என்றாய், ‘அடுத்த வாரம் பாப்போம்’ என்றாய், அப்புறம் அந்தப் பதிலும் நின்றுபோனது. மரங்கள் சிவந்து கொட்டி, பனி விழுந்து, மறுபடியும் சிவந்துவிட்டன. ஒரு ஆள் எவ்வளவு காலம்தான் காத்திருப்பது? மன்னிப்புக் கேட்க வந்தவன் கேள்வி கேட்கிறேன் பார், இதுதான் என் லட்சணம்.

விஷயம் தெரியாமல் படிக்கிறவர்களுக்கு ஒரு பத்தி. நீ தாண்டிப் போ. ஜியோகேஷிங் என்பது ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்து இன்னொருவர் கண்டுபிடிக்கும் விளையாட்டு. 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை எடுத்துவிட்டது. மறுநாளே ஓரெகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டுக்குள் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். அதிலிருந்து தொடங்கியது. டப்பாவுக்குள் ஒரு தாள் இருக்கும். அதில் பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான். இதில் ‘சேலஞ்ச்’ என்று ஒரு வகை உண்டு. அந்த டப்பாவை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கையெழுத்துப் போடலாம். ஆனால் நிபந்தனையை நிறைவேற்றினால்தான் தளத்தில் ‘கிடைத்தது’ என்று பதிய முடியும். எங்களுக்கு வந்த நிபந்தனை, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தின் 14 கவுண்டியிலும் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) குறைந்தது ஒரு டப்பாவாவது எடுத்திருக்க வேண்டும் என்பது.

அம்மாவிடம் இதை விளக்கியது ஞாபகம் இருக்கிறதா? நீ ஸ்பீக்கரில் போட்டுப் பத்து நிமிஷம் சொன்னாய். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உள்ள தங்கமா இருக்கு? அதுக்கா இவ்வளவு பெட்ரோலு?” என்றாள்.

தங்கம் இல்லைதான். ஆனால் அந்த ரோடுகள்! நீ ஹார்ட்ஃபோர்டிலிருந்து 91ஆம் நெடுஞ்சாலையில் ஏறி வருவாய், நான் நாஷுவாவிலிருந்து கீன் வழியாக வருவேன், பிராட்டில்பரோவில் ஒரு காரை நிறுத்திவிட்டு மற்றதில் ஏறிக்கொள்வோம். வெர்மாண்டில் 1968லேயே சட்டம் போட்டு ரோட்டோர விளம்பரப் பலகைகளை ஒழித்துவிட்டார்கள். ஒரு தங்க மாளிகை போஸ்டர் கூட இல்லாமல் இவ்வளவு தூரம் போக முடிகிறதே என்று நீதான் ஆச்சரியப்பட்டாய். அந்த மாநிலத்தின் ரோடுகளில் பாதிக்கு மேல் இன்னும் மண் ரோடுதான். ஏப்ரலில் போய்ச் சேற்றில் வண்டியை இறக்கிவிட்டு நின்றது தனிக் கதை. டிராக்டர்காரர் இழுத்துவிட்டுக் காசு வாங்காமல் போனார், நீ அவர் கையில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தாய்.

உன் கைப்பையில் புருவம் எடுக்கிற ட்வீசர் ஒன்று இருக்கும். விரல் நுனி அளவு டப்பாவிலிருந்து சுருட்டிய தாளை உருவ அதைவிட நல்ல கருவி கிடையாது. ஈரத்தில் ஊறிப்போன தாளைக் கூட நீ கிழியாமல் எடுப்பாய், மடியில் வைத்து விரிப்பாய், பென்சிலால் நம் இரண்டு பேருக்கும் பொதுவான கணக்கின் பெயரை, ‘சோழி’ என்று தமிழில் எழுதுவாய். பெரிய டப்பாவாக இருந்தால் திருச்செந்தூரில் வாங்கிய ஒரு சோழியை உள்ளே போடுவாய். ஐல் லா மோட் தீவில், 48 கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் உயிர்கள் கட்டிய திட்டு பாறையாகிக் கிடக்கிறதே, அந்தக் கல்லுக்குள் தெரிந்த நத்தைச் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு சோழியை வைத்துப் போட்டோ எடுத்தாய். எடுத்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாய், ‘இங்க எதையும் விட்டுட்டுப் போகக் கூடாதுல’ என்று. கல்லறைத் தோட்டத்தில் டப்பா இருந்தால் எடுப்பாய், அன்று ராத்திரி மோட்டலில் தலைக்குக் குளிப்பாய். அங்கே கிராமத்துக்குக் கிராமம் கல்லறையில்தான் டப்பா வைக்கிறார்கள் என்பதால் உன் ஷாம்பூ செலவே தனி.

விதி என்றால் உனக்கு விதிதான். அதனால்தான் அந்தப் பாலம்.

விண்ட்சர் கவுண்டி பக்கத்தில்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று தள்ளித் தள்ளி அது பதின்மூன்றாவதாகப் போனது. கனெக்டிகட் ஆற்றின் மேல் வெர்மாண்டையும் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரையும் இணைக்கிற கார்னிஷ்–விண்ட்சர் மூடுபாலம், 1866ல் கட்டியது, 449 அடி நீளம், முழுக்க மரம். வாசலுக்கு மேலே ‘குதிரையை நடத்திக் கூட்டிச் செல், இல்லையேல் 2 டாலர் அபராதம்’ என்று எழுதியிருக்கும். வண்டியை விண்ட்சர் பக்கம் விட்டுவிட்டு, பாலத்துக்குள்ளேயே நடந்து அக்கரைக்குப் போனோம். அந்த முனையில் டப்பா கிடைத்தது. “விண்ட்சர் முடிஞ்சுது” என்று நான்தான் கத்தினேன். நீ போனைப் பார்த்துவிட்டு, “இது நியூ ஹாம்ப்ஷயர்ல” என்றாய்.

எனக்கு எரிச்சல். பாலத்தின் பெயரிலேயே விண்ட்சர் இருக்கிறது, பாதியாவது வெர்மாண்டுக்குச் சேராதா என்றேன். நீ அங்கேயே நின்று தேடிப் படித்தாய். கனெக்டிகட் ஆறு நடுவில் கோடு போட்டுப் பிரித்த ஆறு இல்லையாம். 1764ல் இங்கிலாந்து ராஜா மேற்குக் கரைதான் எல்லை என்று உத்தரவு போட்டாராம். இரண்டு மாநிலமும் கோர்ட்டுக்குப் போய், 1933ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே, மேற்குக் கரையில் தண்ணீர் குறைந்து நிற்கும் மட்டம் வரை நியூ ஹாம்ப்ஷயருக்கு என்று தீர்த்துவிட்டதாம். ஆறு மொத்தமும் ஒரு பக்கத்துக்கு. “தண்ணி எல்லாம் அவங்களுக்கு, கரை மட்டும் இவங்களுக்கு” என்று சிரித்தாய். அன்றைக்கு நீ சிரித்தது அதுதான் கடைசி.

திரும்பி நடக்கும்போது பாலத்தின் நடுவில் ஒரு பிக்கப் வந்தது. மரச்சுவரோடு ஒட்டி நின்றோம். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தடித்த சட்டங்கள், இடுக்கு வழியாக உள்ளே விழும் வெளிச்சம், பழைய மரத்தின் வாசனையோடு கொஞ்சம் டீசல் புகை. வண்டி போனதும் காலடியில் பலகைகள் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருந்தன. அந்த அதிர்வு நிற்பதற்குள் நான் அந்தப் பேப்பரைப் பற்றிக் கேட்டேன்.

எந்தப் பேப்பர் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. சித்தி, நீயும் போன் போட்டுக் கேட்காதே.

நீ கோபப்படவில்லை. பின்னிய சட்டத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, “இப்போ எங்கல நிக்கோம்?” என்றாய்.

“நியூ ஹாம்ப்ஷயர்.”

“அப்போ வெர்மாண்ட் போயி பேசுவோம்.”

வெர்மாண்ட் வந்தோம். நீ பேசவில்லை. போனை எடுத்து, விண்ட்சருக்குள் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்தாய், நேராகப் போய் ஒரு ரோட்டோரத் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் கைவிட்டுக் காந்த டப்பாவை எடுத்தாய், ட்வீசர், தாள், பென்சில், ‘சோழி’. “விண்ட்சர் முடிஞ்சுது. இனி எசெக்ஸ் மட்டுந்தான்.” பிராட்டில்பரோ வரைக்கும் வண்டியில் நான் வைத்த பாட்டுதான் ஓடியது. அடுத்த மாதம் கூரியரில் கவர் வந்தது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தாய். கூட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

நான் கேட்டதில் தப்பு இருக்கிறது என்று இன்றும் நினைக்கவில்லை. யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டிய விஷயம் அது. அம்மா படுத்திருந்த அந்த மாதங்களில் சம்பளமில்லாத லீவு போட்டு ஊருக்கும் இங்கேயும் அலைந்தது யார் என்றும் உனக்குத் தெரியும், அத்தானுக்கும் தெரியும். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது. சொல்லிக்காட்டுகிறேன். ஆனால் பாலத்துக்கு நடுவில் கேட்டிருக்க வேண்டாம்தான். டயினரில் உட்கார்ந்து பேன்கேக் வந்த பிறகு கேட்டிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்த இடத்துக்காக மட்டும் ஒரு சாரி.

எசெக்ஸுக்கு வருகிறேன். மான்செஸ்டரில் 93ஐப் பிடித்து ஃபிராங்கோனியா கணவாய் தாண்டி, லான்காஸ்டரில் ஆற்றைக் கடந்தால் கில்ட்ஹால். ஒரு புல்வெளி, சுற்றி வெள்ளை மரக் கட்டடங்கள், அதுதான் கவுண்டியின் தலைநகரம். மொத்தக் கவுண்டியிலும் சுமார் 6000 பேர்தான். நம் தெருவில் தேர் வரும் நாளில் இதைவிடக் கூட்டம் நிற்கும். அங்கே தேடிய முதல் டப்பா கிடைக்கவில்லை. நீ இருந்தால் எப்படிச் செய்வாயோ அப்படியே, ‘கிடைக்கவில்லை’ என்று நேர்மையாகப் பதிந்துவிட்டு 102ஆம் ரோட்டில் வடக்கே போனேன். வலது பக்கம் முழுக்க ஆறு. அதுவும் நியூ ஹாம்ப்ஷயருடையது என்று இப்போது நினைக்காமல் பார்க்க முடியவில்லை, உன்னால் வந்த வினை. வெட்டிய வைக்கோலை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுருட்டி வயலில் உருட்டிவிட்டிருந்தார்கள். பல மைலுக்கு எதிரே வண்டியே வரவில்லை. போனில் சிக்னலும் இல்லை, வரைபடத்தை முதல் நாளே இறக்கி வைத்திருந்தேன்.

புளூம்ஃபீல்டில் முடிந்தது. 1933 டிசம்பர் 30 அன்று மைனஸ் 50 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 45க்கும் கீழே பதிவான ஊர். அக்டோபர் வெயிலில் அதை நம்ப முடியவில்லை. கல்லறைதான், வேறென்ன. ஓரத்தில் ஒரு ஊசியிலை மரம், அதன் தாழ்ந்த கிளைக்குள் டேப் சுற்றிய மாத்திரை டப்பா. மூடி இறுகிப்போய், சட்டை நுனியை வைத்துத் திருக வேண்டியிருந்தது. உள்ளே தாள் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் ட்வீசர் இல்லை. ஊக்கை நிமிர்த்தி உருவினேன், மூலை கிழிந்தது. ஒரு பெரியவர் பிக்கப்பை நிறுத்தி வழி தெரியவில்லையா என்று கேட்டார். இல்லை, இடம் சும்மா பார்க்கிறேன் என்றேன். அவர் என் கையில் இருந்த ஊக்கைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், “சரி, கிடைத்துவிட்டது போல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு எல்லாம் தெரியும்.

தாளில் ‘சோழி’ என்றுதான் எழுதினேன். தனியாக வந்து அந்தப் பெயரைப் போட எனக்கு என்ன உரிமை என்று நீ கேட்கலாம். என் கையெழுத்தில் ‘ழி’ எப்போதும் போலக் கோணல்தான். அது நீ எழுதியதில்லை என்று பார்த்தாலே தெரியும், யாரையும் ஏமாற்றவில்லை.

ஆனால் சேலஞ்ச் டப்பாவில் இருப்பது உன் எழுத்து. 2021ல் ஆரஞ்சு கவுண்டியில், அந்தக் கல்வேலிக்குப் பின்னால் இருந்த தோட்டா டப்பாவைத் தகுதி வருவதற்கு முன்பே எடுத்து, ‘இப்போ கையெழுத்து, அப்புறம் பதிவு’ என்று நீதான் எழுதிவைத்தாய், பெயருக்குக் கீழே உன் இனிஷியல், என் இனிஷியல். அதனால் நேற்று ராத்திரி, அப்போது தளத்தில் வெறும் குறிப்பாகப் போட்டிருந்ததை ‘கிடைத்தது’ என்று மாற்றினேன். சரிபார்க்கும் கருவி 14க்கு 14 என்று பச்சை காட்டியது. பதிவில் நான் எழுதியது: “கையெழுத்து அக்கா போட்டது. எசெக்ஸுக்குத் தம்பி மட்டும் போனான்.” ஆங்கிலத்தில்தான், ஆனால் இதே அர்த்தத்தில். எசெக்ஸை உன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உன் விதிப்புத்தகம் சொல்லுமானால், நீ ஒருமுறை போய்விட்டு வா. டப்பா எங்கே என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் முடிவு செய்துவிட்டேன். ஒரே கணக்கை இரண்டு பேர் வைத்துக்கொள்வது இனி சரிவராது. எடுத்த டப்பாக்களைப் பாதி பாதியாகப் பிரிக்கத் தளத்தில் வழி இல்லை. நான் கேட்டு வாங்கிய பேப்பர் ஒன்று போதும், இதிலும் பங்கு கேட்க மாட்டேன். ‘சோழி’ உனக்கு. நான் வேறு பெயரில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கணக்கின் மின்னஞ்சலை உன் முகவரிக்கு மாற்றக் கொடுத்திருக்கிறேன், உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் வரும். ஸ்பாமிலும் பார். பிரீமியம் சந்தா வருகிற மார்ச் வரைக்கும் நான் கட்டியது. அதற்கப்புறம் உன் பாடு.

இப்படிக்கு,
தம்பி